இரண்டு மணி நேரச் சான்றிதழ்: டோர் ரிலேக்களும் இணையத் தணிக்கையும்

டோர் என்பது இணையத்தைப் பயன்படுத்துபவர் யார், அவர் எந்தத் தளத்துக்குச் செல்கிறார் என்ற இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எவரும் அறிய முடியாதபடி செய்யும் திறவுமூல மென்பொருள். உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் கணினிகளே இதன் வலையமைப்பு. இக்கணினிகள் ரிலே எனப்படும். பயனரின் தரவு மூன்று அடுக்குகளாகக் குறியாக்கம் செய்யப்பட்டு மூன்று ரிலேக்கள் வழியாகச் செல்கிறது. ஒவ்வொரு ரிலேயும் வெங்காயத் தோலைப் போல ஓர் அடுக்கை உரித்து, மீதியை அடுத்ததற்கு அனுப்பும். முதல் ரிலேவுக்குப் பயனரின் ஐ.பி. முகவரி தெரியும், சேருமிடம் தெரியாது. மூன்றாவதற்குச் சேருமிடம் தெரியும், பயனரைத் தெரியாது.

2006 முதல் பல நாடுகள் இந்த வலையமைப்பைத் தடுக்க முயன்றுள்ளன. அவை பெரும்பாலும் குறியாக்கத்தை உடைக்க முனையவில்லை. அது வீண்வேலை என்று அவற்றுக்குத் தெரியும். டோர் இணைப்பு மற்ற இணைப்புகளிலிருந்து எங்கே சற்று வேறுபடுகிறது என்று தேடி, அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்தன.

தோற்றம்

வெங்காய வழிச்செலுத்தல் என்ற கருத்தை 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் ஆகியோர் உருவாக்கினர். பின்னர் சைவர்சனுடன் ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன் இருவரும் சேர்ந்து எழுதிய மென்பொருளே டோர். அதன் சோதனைப் பதிப்பு 2002 செப்டம்பரில் இயங்கியது. 2003இல் மூல நிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. 2006இல் டோர் திட்டம் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவானது. கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதற்குக் காரணம் எளிது. கடற்படையினர் மட்டுமே பயன்படுத்தும் மறைப்பு வலையில் யார் நுழைந்தாலும் அவர் கடற்படைக்காரர் என்று தெரிந்துவிடும். கூட்டம் இருந்தால்தான் கூட்டத்தில் மறைய முடியும்.

பட்டியலும் பாலமும்

எந்தெந்த ரிலேக்கள் இயங்குகின்றன என்ற பட்டியலை, அடைவு அதிகாரிகள் எனப்படும் சில வழங்கிகள் மணிக்கு ஒருமுறை கூடி முடிவு செய்து வெளியிடுகின்றன. பட்டியல் பொதுவானது. பயனர் அதைப் படிக்க முடிந்தால் தணிக்கையாளரும் படிக்கலாம். சீனா 2009 செப்டம்பர் இறுதியில், மக்கள் குடியரசின் 60ஆம் ஆண்டு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, இதைத்தான் செய்தது. பட்டியலில் இருந்த முகவரிகளைத் தடுத்தது.

இப்படி நடக்கும் என்று டோர் குழு முன்பே எதிர்பார்த்துப் பாலம் என்ற வகையைச் சேர்த்திருந்தது. பாலமும் ரிலேதான், ஆனால் பொதுப் பட்டியலில் வராது. அதன் முகவரி மின்னஞ்சல் மூலமும் வலைத்தளம் மூலமும் ஒருவருக்கு ஒரு சிலவாக மட்டுமே தரப்பட்டது. 2010 மார்ச்சுக்குள் சீனா அவ்விரு வழிகளிலும் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, கிடைத்த முகவரிகளை எல்லாம் அடைத்தது.

ஈரான், 2011

முகவரியை மறைத்தால் மட்டும் போதாது, இணைப்பின் தோற்றமும் சாதாரணமாக இருக்க வேண்டும் என்பது 2006இலேயே தெரிந்திருந்தது. அப்போது சில வணிக வடிகட்டிகள், டோர் தன் பட்டியலை வெளிப்படையாகக் கேட்டுப் பெறும்போது முகவரியில் வரும் 'டோர்' என்ற சொல்லை வைத்தே அதைப் பிடித்தன. பட்டியலையும் குறியாக்கத்துக்குள் கொண்டுவந்ததும் அது தீர்ந்தது. அதன்பின் டோர் இணைப்பு, ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஒன்று அப்பாச்சி வழங்கியோடு பேசுவது போலத் தோன்ற வேண்டும் என்பது இலக்காயிற்று.

வேடம் பெரும்பாலும் பொருந்தியது. ஆனால் குறியாக்க இணைப்பு தொடங்கும்போது இரு பக்கமும் சில செய்திகளைத் திறந்த நிலையில் பரிமாறிக்கொள்கின்றன. 2011 ஜனவரியில் ஈரானின் வடிகட்டிகள் அங்கே ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தன. டிஃபி–ஹெல்மன் திறவுகோல் பரிமாற்றத்துக்கு டோர் பயன்படுத்திய அந்த எண், அப்பாச்சி பயன்படுத்தியது அல்ல. கணிதப்படி அதில் குறையேதும் இல்லை. ஆனால் அதைப் பயன்படுத்தியவர் வேறு எவரும் இல்லை. அப்பாச்சியின் எண்ணையே எடுத்துக்கொண்டதும் தடை நீங்கியது.

செப்டம்பரில் மறுபடியும் தடை வந்தது. ஈரானியப் பயனர்கள் பல்லாயிரம் பேரின் இணைப்பு ஒரே நாளில் அறுந்தது. இம்முறை மாட்டிக்கொண்டது ஒரு தேதி. ரிலேக்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இரண்டே மணி நேரத்தில் காலாவதியாகும்படி அமைக்கப்பட்டிருந்தது. அடிக்கடி மாற்றுவது நல்லது என்று எண்ணி வைத்த ஏற்பாடு அது. ஆனால் வங்கியோ செய்தித்தளமோ இரண்டு மணி நேரச் சான்றிதழ் வைத்திருப்பதில்லை. அக்காலத்தில் அவை ஓராண்டு, அதற்கும் மேல் என்று வாங்கி வைத்திருந்தன. வடிகட்டிக்கு அந்த ஒரு வேறுபாடு போதுமானதாக இருந்தது.

டோர் குழு காரணத்தைக் கண்டுபிடித்து, சான்றிதழின் ஆயுளைக் கூட்டிய புதிய பதிப்பை உடனே வெளியிட்டது. சான்றிதழைக் காட்டுவது ரிலே என்பதால் மாற்றம் ரிலேக்களில் மட்டும் செய்தால் போதும். ஈரானில் இருப்பவர் தம் கணினியில் எதையும் தொட வேண்டியதில்லை. அதே காரணத்தால், தெஹ்ரானில் ஒருவர் எப்போது மீண்டும் இணைவார் என்பது, ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ முன்பின் அறியாத ஒருவர் தம் ரிலேயை எப்போது புதுப்பிக்கிறார் என்பதைப் பொறுத்ததாயிற்று.

ரிலே நடத்துபவரின் வேலை அப்படியொன்றும் கவர்ச்சியானதல்ல. டோர்ஆர்சி என்ற அமைவுக் கோப்பில் ரிலேயின் பெயர், அது கேட்கும் வாயில் எண், ஒதுக்கும் அலைவரிசை அளவு ஆகியவற்றை எழுதிச் சேவையைத் தொடங்க வேண்டும். மென்பொருள் முதலில் தன் வாயிலை வெளியிலிருந்து எட்ட முடிகிறதா என்று தானே சோதித்துப் பார்க்கும். வீட்டு ரூட்டர் அந்த வாயிலை உள்ளே திருப்பிவிடவில்லை என்றாலோ, தீச்சுவர் அடைத்திருந்தாலோ, பதிவேட்டில் எச்சரிக்கை வரும். ரிலே பட்டியலில் இடம்பெறாது. கணினியின் கடிகாரம் தவறாக ஓடினாலும் சிக்கல்தான். டோரின் ஆவணங்கள் அனைத்துக்கும் செல்லுபடிக் காலம் உண்டு. அரை நாள் பிந்திய கடிகாரத்துக்கு அவை எதிர்காலத்தவையாகத் தெரியும். டோர் இணையவில்லை என்று வரும் புகார்களில் கடிகாரத்தை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தட்டிப் பார்க்கும் தணிக்கை

சீனாவின் முறை வேறு வகையில் வளர்ந்தது. 2011இன் பிற்பகுதியில், யாருக்கும் தராத தனிப் பாலங்களும் பயன்படுத்திய சில நிமிடங்களில் தடைபடுவதைப் பலர் கவனித்தனர். ஃபிலிப் விண்டர், ஸ்டீஃபன் லிண்ட்ஸ்கோக் இருவரும் இதை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். பயனரின் டோர், தான் அறிந்த குறியாக்க முறைகளின் பட்டியலை இணைப்பின் தொடக்கத்தில் அனுப்பும். அந்தப் பட்டியல் டோருக்கே உரியது. அதைக் கண்டதும் சீனாவிலிருந்து வேறொரு கணினி அதே முகவரிக்குச் சென்று, தானும் டோர் பயனர் போலப் பேசிப் பார்க்கும். பதில் டோர் மொழியில் வந்தால் அம்முகவரி அடைபடும். சந்தேகம் தோன்றினால் கதவைத் தட்டி உறுதி செய்துகொள்ளும் தந்திரம் இது. தடுப்பில் பிழை குறையும். சாதாரணத் தளங்கள் தவறுதலாக அடைபட்டு வணிகம் பாதிக்கும் தொல்லையும் இல்லை.

இதற்கு எதிராக வந்தவற்றுள் நிலைத்தது ஓ.பி.எஃப்.எஸ்.4 என்ற மாற்றுப் போக்குவரத்து முறை. இதில் பாலத்தின் முகவரியோடு ஓர் இரகசிய எழுத்துக்கோவையும் பயனருக்குத் தரப்படும். அது தெரியாதவர் தட்டினால் பாலம் வாய் திறக்காது. அந்தக் கோவையில் ஓரெழுத்து விட்டுப்போனாலும் பயனருக்கும் அதே மௌனம்தான்.

ஸ்னோஃப்ளேக்

2021 ஜூலையில் டோர் உலாவியோடு சேர்ந்து வந்த ஸ்னோஃப்ளேக், நிலையான பாலங்களுக்குப் பதிலாகத் தன்னார்வலர்களின் உலாவிகளையே தற்காலிக இடைத்தரகர்களாக ஆக்கியது. காணொளி அழைப்புகளுக்கான தொழில்நுட்பத்தில் அது ஓடுகிறது. அவ்வாண்டு டிசம்பரில் ரஷ்யா டோரைத் தடுக்கத் தொடங்கியது. அங்கு அப்போது நாளொன்றுக்கு 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் டோரைப் பயன்படுத்தி வந்தனர். ஸ்னோஃப்ளேக்கும் தப்பவில்லை: வழங்கி அனுப்பத் தேவையில்லாத ஒரு புலத்தை அதன் நிரலகம் அனுப்பிக்கொண்டிருந்தது. பத்தாண்டுக்கு முந்தைய சான்றிதழின் கதையே திரும்பியது. புலம் நீக்கப்பட்டதும் பயனர்கள் பெருகினர்.

பெருகியது புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. எத்தனை தன்னார்வ உலாவிகள் இருந்தாலும் அவற்றின் போக்குவரத்து முழுவதும் ஒரே பாலத்தில் சென்று சேர்ந்தது. டோர் நிரல் பெரும்பாலும் செயலியின் ஒரே கருவில் ஓடும் இயல்புடையது. 2022 ஜனவரியில் அந்தக் கரு மூச்சுத் திணறியது, மற்றவை சும்மா இருந்தன. ஒரே அடையாளத் திறவுகோலுடன் பல டோர் நிரல்களை ஒரே கணினியில் ஓட்டிச் சுமையைப் பங்கிட்டனர். ஆனால் ஒவ்வொரு நிரலும் 28 நாளுக்கு ஒருமுறை தன் வெங்காயத் திறவுகோலைத் தானே மாற்றிக்கொள்ளும். தனித்தனியே மாற்றினால் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். மாற்றத்தை நிறுத்த அமைவுக் கோப்பில் வழியில்லை. பழைய திறவுகோலை நிரல் எந்தப் பெயரில் சேமிக்குமோ, அதே பெயரில் வெறும் கோப்புறை ஒன்றை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். கோப்பை அங்கே நகர்த்த முடியாமல் நிரல் ஒவ்வொரு முறையும் தோற்று, பழைய திறவுகோலையே தொடர்ந்து பயன்படுத்தியது. அழகான தீர்வல்ல, ஆனால் வேலை செய்தது.

2022 செப்டம்பரில் மாசா அமினியின் மரணத்தைத் தொடர்ந்து ஈரானில் எழுந்த போராட்டங்களின்போது ஸ்னோஃப்ளேக்கின் பயன்பாடு பன்மடங்கு கூடியது. அக்டோபர் தொடக்கத்தில் திடீரெனச் சரிந்தது. இம்முறை காட்டிக்கொடுத்தது, கோ மொழியின் நிரலகம் இணைப்பைத் தொடங்கும் விதம். எந்த உலாவியும் அப்படித் தொடங்குவதில்லை. உலாவிகளின் தொடக்கத்தைப் போலிசெய்யும் நிரலகத்தைச் சேர்த்துத் திருத்தினர். ஆனால் பிழை இருந்தது பயனர் பக்கத்தில். 2011இல் போல ரிலேக்களைப் புதுப்பித்துக் காத்திருக்க முடியவில்லை. டோர் தளம் தடுக்கப்பட்டிருந்த நாட்டில் ஒவ்வொருவரும் புதிய உலாவியை எப்படியாவது பெற வேண்டியிருந்தது. மின்னஞ்சல் அனுப்பினால் வேறு தளங்களிலிருந்து தரவிறக்கும் இணைப்புகளைத் திருப்பி அனுப்பும் கெட்டோர் சேவை இத்தகையோருக்காகவே நடத்தப்படுகிறது.