பி. டி. உஷா: தடத்தில் இருபதாண்டு

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், 1964 ஜூன் 27 அன்று பிறந்தவர் பி. டி. உஷா. வளர்ந்த ஊர் பய்யோளி. கேரள அரசு 1976இல் கண்ணூரில் சிறுமியருக்காகத் தொடங்கிய விளையாட்டுப் பிரிவு அவருக்குத் திருப்புமுனை. விமானப்படையில் பணியாற்றிய ஓ. எம். நம்பியார் அங்கே அவருக்குப் பயிற்சியாளரானார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடியபோது உஷாவுக்கு வயது பதினாறுதான். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டரில் இரு வெள்ளிகள் கிடைத்தன.

பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் 1984இல்தான் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 76.2 சென்டிமீட்டர் உயரத்தில் பத்துத் தடைகள். ஒன்றுக்கொன்று 35 மீட்டர் இடைவெளி. வேகத்தோடு அடிக்கணக்கும் தவறாதவரே இதில் வெல்ல முடியும். குறுகிய காலமே இந்தப் பந்தயத்தில் பழகிய உஷா, லாஸ் ஏஞ்சலிஸ் அரையிறுதியில் அமெரிக்காவின் ஜூடி பிரவுனை முந்தி 55.54 வினாடியில் முதலாவதாக வந்தார். இறுதிப் போட்டியில் முதல் வெடிக்கு நன்றாகக் கிளம்பினார்; வேறொரு வீராங்கனை முந்திப் புறப்பட்டதால் அந்தத் தொடக்கம் செல்லாமல் போனது. இரண்டாம் முறை அந்த வேகம் வாய்க்கவில்லை. மொராக்கோவின் நவால் எல் முத்தவாக்கில் தங்கம் வென்றார். ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜொகாரு 55.41, உஷா 55.42. சராசரி வேகத்தில் கணக்கிட்டால் வெண்கலத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இருந்த தூரம் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். கோட்டை எட்டும்போது மார்பை முன்னே சாய்த்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்கலாம்.

நாடு இன்றும் அந்த நான்காம் இடத்தையே பேசுகிறது. ஆனால் உஷாவின் உச்சம் அதற்குப் பின்பே வந்தது. 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் 100, 200, 400, 400 மீட்டர் தடை ஓட்டம், 4×400 தொடர் ஓட்டம் என ஐந்து தங்கம். கூடவே 4×100இல் வெண்கலம். குறுகிய ஓட்டத்தின் வெடிப்பும் 400 மீட்டரின் தாங்குதிறனும் ஒரே உடலில் இவ்வாறு கூடுவது அரிது. மறு ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வென்ற தங்கம் மொத்தமே ஐந்து. அவற்றுள் நான்கில் உஷாவின் ஓட்டம் இருந்தது. 100 மீட்டரில் மட்டும் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்.

குதிகால் காயம் 1988 ஒலிம்பிக்கைக் கெடுத்தது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் மூன்று வெள்ளி. திருமணமும் மகப்பேறும் கழிந்து மீண்டும் தடத்துக்கு வந்து, 1998இல் ஃபுகுவோகா ஆசியத் தடகளப் போட்டியில் 34 வயதில் 200, 400 மீட்டர் வெண்கலங்களை வென்றது பதக்கக் கணக்கைவிடப் பெரிய சாதனை. 2000இல் ஓய்வு பெற்றார்.

பின்னர் கோழிக்கோடு மாவட்டத்தில் அவர் நிறுவிய உஷா பள்ளியில் உருவான டின்டு லூக்கா, 800 மீட்டரில் 2014 ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். 2022இல் உஷா மாநிலங்களவை உறுப்பினராகவும் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராகவும் ஆனார். லாஸ் ஏஞ்சலிஸில் அவர் பதித்த 55.42 தேசிய சாதனையாகவே நீடித்தது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 வினாடியில் ஓடி அதைச் சமன் செய்தார்.