பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்

நம் சங்க அலுவலக பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய பிளாப்பிகள் இருக்கின்றன. முதல் ஆண்டுகளின் கணக்கு, தண்ணீர்க் குழாய் போகும் வழி, பழைய உறுப்பினர் பட்டியல் என்று மேலே ஒட்டிய சீட்டுகள் சொல்கின்றன. பிளாப்பி இருக்கிறது, அதைப் படிக்கும் டிரைவ்தான் இல்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி நாலைந்து கிடக்கலாம்.

இந்தச் சிக்கல் நாசாவுக்கே வந்திருக்கிறது. 1966, 1967ஆம் ஆண்டுகளில் ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள், மனிதன் இறங்குவதற்கு ஏற்ற இடம் தேடி நிலவைப் படம் எடுத்தன. பூமிக்கு வந்த சமிக்ஞைகளைக் காந்த நாடாக்களில் பதிந்து வைத்தார்கள். அப்போது அச்சில் வந்த படங்களைவிடத் துல்லியமான விவரம் அந்த நாடாக்களில்தான் இருந்தது. ஆனால் அவற்றை ஓட்ட ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்-900 என்ற, குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள இயந்திரம் வேண்டும். அது வழக்கொழிந்துவிட்டது. நாடாக்களைக் காத்துவந்த நான்சி எவன்ஸ் என்ற அம்மையார், வேண்டாமென்று கழிக்கப்பட்ட இயந்திரங்களைக் கேட்டு வாங்கி, பல ஆண்டுகள் தம் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்திருந்தார். 2007க்குப் பிறகு டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் இருவரும் அவற்றைக் கலிபோர்னியாவிலுள்ள நாசா ஏம்ஸ் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். பட்டறை போட அவர்களுக்குக் கிடைத்த இடம், மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகம்! ஒரு இயந்திரத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, 2008 நவம்பரில் முதல் படத்தை மீட்டார்கள். நிலவின் விளிம்புக்கு அப்பால் பூமி தெரியும், 1966 ஆகஸ்ட் 23 அன்று எடுத்த படம் அது.

நம் டப்பாவுக்கு வருவோம். ஐ.பி.எம். 1971இல் கொண்டுவந்த பிளாப்பி 8 அங்குலம். 1976இல் 5¼ அங்குலம் வந்தது. பிறகு கெட்டியான உறையில் 3½ அங்குலம். சோனி 2011இல் விற்பனையை நிறுத்தியது. ஜப்பான் அரசு அலுவலகங்களில் பிளாப்பியில்தான் தர வேண்டும் என்ற விதிகள் 2024 வரை இருந்தன என்பது வேடிக்கை. 3½ அங்குலத்துக்கு யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. 5¼ அங்குலத்துக்கு அப்படி எதுவும் கடையில் இல்லை. பழைய டிரைவையே தேடிப் பிடித்து, கிரீஸ்வீசில் போன்ற தனிச் சிறு பலகை வழியாகத்தான் இன்றைய கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். காயலான் கடைக்குப் போன டிரைவ் திரும்பி வராது.

டிரைவ் கிடைத்தாலும் தமிழனுக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. அந்நாளில் முசிறியானாலும் திருச்சியானாலும், டி.டி.பி. கடைக்குக் கடை எழுத்துரு வேறு. ஒன்றில் 'க' என்று அடித்தது இன்னொன்றில் வேறு ஏதோவாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று அரசுத் தரங்கள் வந்தன. இணையத்தில் டிஸ்கி புழங்கியது. 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் இந்தப் பூட்டுக்குச் சாவி உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், பழைய குறியீடுகளில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் போதும். (ஓலைச்சுவடிக்கு இந்தத் தொல்லை ஏது? கண்ணும் பழக்கமும் இருந்தால் படித்துவிடலாம்.)

ஒரு எச்சரிக்கை. காவிரிக் கரை ஈரத்தில் பிளாப்பிக்குப் பூஞ்சை பிடிக்கும். உள்வட்டில் வெள்ளைப் படலம் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். டிரைவின் தலை அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். 3½ அங்குலமானால் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளித் துளையைத் திறந்து வையுங்கள். தவறிப்போய் எதுவும் அழியாது.

பரணில் 5¼ அங்குல டிரைவோடு பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, பாகத்துக்கு ஆகும். அன்று சங்கக் கணக்கை எந்தக் கடையில் அடித்தார்கள் என்று நினைவுள்ள பெரியவர்களும் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.