முஸ்தபா: ஒரு ரூபாய் ஆட்டத்தின் வரலாறு

வரலாற்றுப் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இந்த முறை சோழர், பல்லவர் யாரும் வரமாட்டாங்க. வீடியோ கேம் மட்டும்தான். முகம் சுளிக்கிறவங்க இப்பவே அடுத்த பதிவுக்குத் தாவிக்கலாம் :-)

"கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்" என்று சொன்னால் நம்ம ஊரில் அனேகம் பேர் முழிப்பார்கள். அதையே "முஸ்தபா கேம்" என்று சொல்லிப் பாருங்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கிற ஆளாக இருந்தால், "அட, மஞ்சத் தொப்பி!" என்று கண்ணு விரியும். ரெண்டும் ஒரே ஆட்டம்தான். ஜப்பான்காரன் செய்து, அமெரிக்கக் காமிக்ஸை வைத்துக் கதை பண்ணி, வேறு பேர் வைத்து அனுப்பிய ஆட்டத்துக்கு நாம வைத்த பேர் முஸ்தபா. இந்தப் பதிவு அந்தப் பேரைப் பற்றியும், அதை ஆடினவங்க சொன்னதைப் பற்றியும்.

யார்கிட்ட கேட்டேன்? நான் ஒரகடம் பக்கம் ஒரு ஆலைக்கு மென்பொருள் எழுதுகிற ஆள். கேம் பற்றிக் கருத்து கேட்க ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியை விடத் தோதான இடம் கிடையாது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பிச்சதுல இருந்து, திருவண்ணாமலை, விழுப்புரம், தஞ்சாவூர், ராமநாதபுரம்னு எல்லா மாவட்டத்துப் பசங்களும் இங்கதான் வந்து இறங்கறாங்க. சுங்குவார்சத்திரத்திலயோ வல்லத்திலயோ ஒரு ரூமுக்குப் போனா அஞ்சு பேர், அஞ்சு ஊர். ஷிஃப்ட் பஸ்ஸுல ஒரு கேள்வியைப் போட்டா இறங்கறதுக்குள்ள பத்து பதில் வரும். கேட்டேன், வந்தது.

முதல்ல பின்கதை. மார்க் ஷூல்ட்ஸ்னு ஒரு அமெரிக்க ஓவியர். 1987-ல இருந்து "ஜீனோசோயிக் டேல்ஸ்"னு ஒரு காமிக்ஸ் போட்டார். மொத்தம் 14 இதழ்தான் வந்தது, கடைசி இதழ் 1996-ல. பேரழிவு வந்து மனுஷங்க பூமிக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறாங்க, நூற்றாண்டுகள் கழிச்சு வெளிய வந்தா டைனோசர் சுத்திக்கிட்டு இருக்கு. இதுதான் உலகம். நாயகன் ஜாக் டென்ரெக் ஒரு மெக்கானிக். பழைய கேடிலாக் கார்களைத் தேடி எடுத்து, டைனோசர் சாணத்துல ஓடற மாதிரி மாத்தி ஓட்டறவன். முஸ்தபா கெய்ரோ அவனோட கூட்டாளி, அவனும் பொறியாளன்.

1993-ல இந்தக் கதைக்குத் திடீர்னு யோகம். ஜுராசிக் பார்க் வந்த வருஷம் இல்லையா, டைனோசர்னா காசு. சிபிஎஸ் தொலைக்காட்சியில கார்ட்டூன் தொடரா வந்தது, 13 பகுதியோட முடிஞ்சு போச்சு. அதே வருஷம் காப்காம் கம்பெனி காசு போட்டு ஆடற பெட்டிக்காக இதை ஆட்டமா வெளியிட்டது. "கேடிலாக்" என்கிற பேரைப் பயன்படுத்த ஜெனரல் மோட்டார்ஸ் சம்மதமும் வாங்கினாங்க. இந்த சம்மதக் கதையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வரும்.

அந்தப் பெட்டி தொண்ணூறுகளின் பிற்பாதியில நம்ம ஊர் வீடியோ கேம் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம், சினிமா தியேட்டர் பக்கம், திரை போட்டு இருட்டா ஒரு கடை, உள்ள நாலு பெட்டி. ஒரு ரூபாய்க் காசு. நான் பார்த்தது அதோட கடைசிக் காலத்தைத்தான்.

சரி, பேர் ஏன் முஸ்தபா? பஸ்ஸுல எல்லாரும் ஒரே குரலா சொன்னது: 1996-ல வந்த காதல் தேசம் படத்து "முஸ்தபா முஸ்தபா" பாட்டு. ரஹ்மான் பாட்டு ஊரெல்லாம் ஓடின சமயம், திரையில அதே பேர், ஒட்டிக்கிச்சு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்து சீட்டுல இருந்த ஒடிசாக்காரர் குறுக்க வந்து, "எங்க ஊர்லயும் முஸ்தபாதான் பாய்" என்றார். அவருக்கு அந்தப் பாட்டே தெரியாது. வடக்கேயும் அதே பேர்தான், பாகிஸ்தான்லயும் அதே பேர்தான். ஆகவே பாட்டு உதவியிருக்கலாம், காரணம் அது மட்டும் இல்லை.

என் கணக்கு இது. "கேடிலாக்" அப்படின்னா என்னன்னு அம்பாசிடர், பியட், மாருதி மட்டும் பார்த்த பசங்களுக்குத் தெரியாது. ஜாக், ஹன்னா, மெஸ் மூணும் வாயில நிக்காத பேர். நாலு பேர்ல தெருவுல கூப்பிட்டுப் பழகின பேர் ஒண்ணே ஒண்ணுதான். பக்கத்து வீட்டு மாமா பேர், பள்ளிக்கூடத் தோழன் பேர். அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அமெரிக்காவுல கார் பேர்ல வித்த ஆட்டத்தை, இங்க கூட்டாளியா வந்தவன் பேர்ல ஆடினாங்க. இதை யாரும் விளம்பரம் பண்ணிச் செய்யல, காசு போட்ட பசங்க அவங்களா செஞ்சது.

இனி கருத்துகள். ஆட்டம் தெரியாதவங்களுக்கு: நாலு பேர்ல ஒருத்தரை எடுக்கணும். ஜாக் சமநிலை, ஹன்னா திறமை, முஸ்தபா வேகம், மெஸ் பலம். எட்டுக் கட்டம். கத்தி, தடி, துப்பாக்கி, ராக்கெட் லாஞ்சர் வரைக்கும் கீழே கிடக்கறதை எடுத்துக்கலாம். அடியும் குதியும் சேர்த்து அமுக்கினா ஒரு சுழல் அடி வரும், ஆனா நம்ம உயிர்ல கொஞ்சம் குறையும்.

எங்க ஆலையில ஃபிட்டரா இருக்கிற திருவண்ணாமலைக்கார அண்ணன் ஒருத்தர் ரொம்பத் தெளிவா சொன்னார்: "தம்பி, அழகுக்கு ஒண்ணும் முஸ்தபாவ எடுக்கல. கையில இருக்கறது ஒரு ரூபா. ஓடி ஒரு உதை, மறுபடி ஓடி ஒரு உதை. யார்கிட்டயும் மாட்டாம இருந்தாத்தான் அந்த ஒரு ரூபா அரை மணி நேரம் நிக்கும்."

இது எனக்குப் புதுசு. வீட்டுல கன்சோல் வச்சு ஆடறவன் கேக்கற கேள்வி "எது பலமான ஆள்?" காசு போட்டு ஆடறவன் கேக்கற கேள்வி "யாரை எடுத்தா காசு நிக்கும்?" ரெண்டும் வேற வேற விமர்சனம். இங்க ஆட்டத்தோட மதிப்பெண் திரையில இல்லை, பாக்கெட்டுல இருந்தது.

தஞ்சாவூர்க்காரர் ஒத்துக்கலை. "முஸ்தபா சின்னப் பசங்க சமாச்சாரம். கூட்டமா வந்தா மெஸ்தான். தூக்கி ஒருத்தன எறிஞ்சா பின்னாடி நிக்கறவன் எல்லாம் விழுவான்." இன்னொருத்தர் ஹன்னா கட்சி. துப்பாக்கி கிடைச்சா அவ கையில கொடுக்கணுமாம். ஆனா கடையில ஹன்னாவை எடுத்தா கிண்டல் பண்ணுவாங்களாம், "பொம்பள ஆள எடுக்கிறான் பாரு"ன்னு. அதனால யாரும் இல்லாத மத்தியான நேரத்துல போய் ஹன்னாவை எடுத்து ஆடுவாராம். ஜாக்குக்கு மட்டும் ஆளே இல்லை. கதையோட நாயகனே அவன்தான், பாவம்.

அடுத்த சண்டை டைனோசரை அடிக்கலாமா கூடாதா என்பது. அனுபவஸ்தர்கள் சொல்றது, சும்மா விட்டா அது நம்மை மட்டும் தேடி வராது, எதிரியையும் சேர்த்து மிதிக்கும். சீண்டினாத்தான் வம்பு. கதைப்படியே டைனோசர் வில்லன் கிடையாது. அதைக் கள்ளத்தனமா வேட்டையாடற கும்பல்தான் வில்லன். இந்தக் கதையை ஆங்கில வசனம் படிக்காமலே, அடி வாங்கி வாங்கிக் கத்துக்கிட்டாங்க பசங்க.

பஸ்ஸுல நான் மெக்கானிக் விஷயத்தைச் சொன்னேன். ஜாக் மெக்கானிக், முஸ்தபா பொறியாளன், மூணாவது கட்டத்துல நாம ஓட்டற கார் அவங்க பழுது பார்த்த கார்னு. ஐடிஐ, டிப்ளமா முடிச்சு கார் கம்பெனிக்கும் உதிரிபாகக் கம்பெனிக்கும் வேலைக்கு வந்த ஆட்கள் நிறைஞ்ச பஸ் அது. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ஃபிட்டர் அண்ணன், "இத்தன வருஷம் ரௌடின்னு நெனச்சுட்டிருந்தேன், நம்ம ஆளா அவன்!" என்றார்.

சரி, இவ்வளவு பேர் கொண்டாடின ஆட்டம் ஏன் உலக வரலாற்றுல சின்னதா இருக்கு? இதே வகையில கத்தியும் கோடாலியும் வச்சு ஆடின செகாவோட கோல்டன் ஆக்ஸ் 1989-ல வந்தது. அது மெகா டிரைவ் கன்சோல்ல வீட்டுக்குப் போச்சு. அதை ஆடினவன் வளர்ந்து பத்திரிகையாளன் ஆனான், "சிறந்த 10" பட்டியல் போட்டான். முஸ்தபாவோ எந்த வீட்டு கன்சோலுக்கும் போகவே இல்லை. 1994-ல செகா சிடிக்கு அதே பேர்ல வந்தது வேற கம்பெனி செஞ்ச வேற ஆட்டம். கடைப் பெட்டியில மட்டும் ஆடினவங்க இந்தியாவுல, பாகிஸ்தான்ல, சீனாவுல இருந்தாங்க. அவங்க பட்டியல் போடல. பத்தாவது முடிச்சு ஐடிஐ-க்குப் போனாங்க.

காப்காமோட இன்னொரு ஆட்டம் நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட், 1991. வாள் வீசற ஆட்டம், குதிரை ஏறலாம். ரூமுல இருந்த ரெண்டு பேர் இதுதான் முஸ்தபாவை விட உசத்தின்னு சாதிச்சாங்க. அதுல அடிக்கற பட்டனை அமுக்கிக்கிட்டே பின்னால இழுத்தா தடுப்பு வரும். இதைக் கண்டுபிடிச்சவனுக்கு அது வேற ஆட்டம். ஆனா கையேடு இல்லாத கடையில யார் சொல்லித் தருவா? தோளுக்கு மேல எட்டிப் பார்த்துக் கத்துக்கற வித்தை அது. தெரிஞ்சவன் ஒரு ஆள் இருந்த கடையில அது ஓடுச்சு, இல்லாத கடையில தூசி படிஞ்சது.

இப்ப கொஞ்சம் தொழில்நுட்பம், பொறுத்துக்கோங்க. முஸ்தபா ஓடின அசல் போர்டுல ஒலிக்கான சிப் மறைகுறியாக்கப்பட்டது. அதைத் திறக்கற சாவி ஒரு சின்ன பேட்டரி தயவுல நினைவகத்துல நிக்கும். பேட்டரி தீர்ந்தா சாவி அழியும், அந்த சிப்புக்குத் தன்னோட நிரலையே படிக்கத் தெரியாது. திருடக் கூடாதுன்னு வச்ச பூட்டு, காலப்போக்குல அசலையே கொல்லும். நகல் போர்டுகளும், 1997-ல ஆரம்பிச்ச மேம் என்கிற எமுலேட்டரும் இல்லாட்டி இந்த ஆட்டம் என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. சட்டம் ஒரு பக்கம், ஞாபகம் ஒரு பக்கம்.

கடைகள் 2000-களோட நடுவுல இருந்து ஒவ்வொண்ணா மூடிச்சு. பிரௌசிங் சென்டர், மணிக்கணக்குக்கு ஆடற பிளேஸ்டேஷன் கடை, அப்புறம் செல்போன். 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை வந்தது. கடையில முஸ்தபா ஆடின பசங்கள்ல சிலர் அங்க வேலைக்கும் போனாங்க. பெட்டிக்கு முன்னால நின்ன கூட்டத்தைக் கலைச்ச பொருளை அவங்க கையாலேயே பூட்டி அனுப்பினாங்கன்னு சொன்னா மிகையில்லை. 2014-ல அந்த ஆலையில உற்பத்தி நின்னு போச்சு. பெட்டியும் போச்சு, அந்த வேலையும் போச்சு.

2018-ல காப்காம் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழை ஒரே தொகுப்பா வெளியிட்டது. நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட் இருந்தது, முஸ்தபா இல்லை. காமிக்ஸ் உரிமை ஒருத்தர்கிட்ட, கார் பேர் இன்னொருத்தர்கிட்ட. அந்த சம்மதம் எல்லாம் மறுபடி வாங்கணுமே. முடியாத காரியமும் இல்லை. மார்வெல் உரிமையில சிக்கியிருந்த, அதே 1993-ம் வருஷத்து பனிஷர் ஆட்டம் 2024-ல அதிகாரபூர்வமா திரும்ப வந்துச்சு. முஸ்தபாவுக்கு அந்த நாள் வருதோ இல்லையோ, அதை ஆடினவங்களுக்கு வயசாகிட்டே போகுது. எங்க ஆலையில பயிற்சிக்கு வந்த இருபது வயசுப் பையன்கிட்ட கேட்டா, "யாருண்ணா முஸ்தபா? நம்ம செக்யூரிட்டியா?"ங்கறான்.

அதனாலதான் இந்தப் பதிவு. ஆட்டத்தோட நிரலை யாரோ பத்திரமா வச்சிருக்காங்க. ஆனா ஒரு ரூபாய் அரை மணி நேரம் நிக்கற கணக்கு, மத்தியானத்துல ஒளிஞ்சு ஹன்னா எடுத்த கதை, இதெல்லாம் எந்த சிப்புலயும் இல்லை. ஆடினவன் சொன்னாத்தான் உண்டு. யாராவது எழுதி வச்சாத்தான் நிக்கும்.

உங்க ஊர் கடையில இதுக்கு வேற பேர் இருந்துச்சா? நீங்க எந்தக் கட்சி? பின்னூட்டத்துல ஊர் பேரோட சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: ஜாக் கட்சிக்காரங்க யாராவது இருந்தா கண்டிப்பா கை தூக்கவும். உங்களைத்தான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.