தாமிரபரணியோடு ஒரு நாள்

லீவுக்கு எங்கே போகலாம் என்றால் நம்ம பசங்க வாயில் உடனே வருவது ஊட்டி, கொடைக்கானல். அட மக்கா, மலை, அணை, அருவி, பழைய ஊர் எல்லாம் நம்ம ஆத்தங்கரையிலேயே இருக்கே! பாபநாசத்தில் தொடங்கி கொற்கை வரை ஏறக்குறைய 100 கி.மீ. ஒரே நாளில் முடித்துவிடலாம். வழியைக் குறிக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், வழியில் வரும் ஊர்கள் பலவும் எதையோ தொலைத்த ஊர்கள்.

காலையில் பாபநாசம், அகத்தியர் அருவியில் ஒரு குளியல். மேலே காரையார் அணை (143 அடி) புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், வனத்துறை விடுகிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கல்லிடைக்குறிச்சி. அப்பளம் வாங்காமல் வரக்கூடாது :-) இங்குள்ள குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-ல் திருட்டுப் போனவர். ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு கலைக்கூடத்தில் இருந்து 2019-ல்தான் ஊர் திரும்பினார். 37 வருஷம்!

சேரன்மகாதேவி வழியாக நெல்லை. 1843-ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலம், கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் சொந்தக் காசைப் போட்டுக் கட்டியது. டெண்டர், கமிஷன் என்று கேட்டே வளர்ந்த காமர்ஸ் மாணவனுக்கு இதை நம்பவே கஷ்டமாக இருக்கிறது.

திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் சிற்பங்களைப் பார்த்துவிட்டு ஆதிச்சநல்லூர். இங்கே அவசரப்படாதீர்கள். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இந்த மேட்டைத் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பொருள்கள், இறந்தவர் நெற்றியில் கட்டிய தங்கப் பட்டங்கள்.. அவை போனது சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு. ஊருக்கு மிஞ்சியது பரம்பு மேடும் ஒரு போர்டும்தான். 2023-ல்தான் தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு காட்சிக்கூடம் திறந்தார்கள். காலுக்குக் கீழே தாழிகள், புதைத்த இடத்திலேயே. எழும்பூர் கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாண்டினால் கொற்கை. தொலைத்ததில் இந்த ஊர் தொலைத்ததுதான் பெரியது.. கடலையே தொலைத்துவிட்டது! பாண்டியரின் முத்துத் துறைமுகம், கிரேக்கரும் ரோமரும் அறிந்த பெயர். இன்று சுற்றிலும் வயலும் வாழையும்தான், கடலுக்கு இன்னும் சில கிலோமீட்டர் போக வேண்டும். நாம் காலையில் குளித்த அதே ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டி, கடலைத் தள்ளிவிட்டது. வியாபாரம் காயலுக்கு நகர்ந்தது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்தது காயலைத்தான். அதுவும் இன்று துறைமுகம் இல்லை.

கொற்கையில் இருக்கும் பிள்ளையார் பெயர் அக்கசாலை விநாயகர். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். துறைமுகமும் இல்லை, காசும் அடிப்பதில்லை, பெயரைப் பிள்ளையார் பத்திரமாக வைத்திருக்கிறார்.

நேரம் இருந்தால் அப்படியே புன்னக்காயல் போய்விடுங்கள், ஆறு கடலில் சேரும் இடம். இருட்டுவதற்குள் போனால்தான் முகத்துவாரம் தெரியும்.