விருந்தாளி வண்டியும் குடியேறும் வண்டியும்

கடல் கடந்து குடிபெயர்கிறவர் தம்மோடு எடுத்துச் செல்லும் பொருள்களில் கார் ஒன்றுதான் தனி இனம். பாத்திரமோ, புத்தகமோ, பாட்டியின் மரப்பெட்டியோ புதிய நாட்டின் துறைமுகத்தில் இறங்கிய மறுநாளே வீட்டுக்குள் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிடும். அவற்றின் பூர்வீகத்தை எவரும் விசாரிப்பதில்லை. காருக்கு அந்தச் சலுகை கிடையாது. அது எங்கே பிறந்தது, எந்த ஆண்டு பிறந்தது, எத்தனை காலம் இவரிடம் இருந்தது, அதன் விளக்கு எந்தப் பக்கம் சாய்ந்து எரிகிறது என்றெல்லாம் கேள்விகள் எழும். பழைய பதிவெண்ணைக் களைந்துவிட்டுப் புதியது ஒன்றைப் பெற்ற பிறகே அது தெருவில் இறங்க முடியும். முழு விலையும் கொடுத்து வாங்கியிருந்தாலும் கார் முழுக்க நம்முடையதாக இருப்பதில்லை என்பதை எல்லையைக் கடக்கும்போதுதான் உணர்கிறோம்.

இந்த நிலை எப்படி உருவாயிற்று என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். உலக நாடுகள் நூறாண்டுகளுக்கும் மேலாகக் காரின் எல்லை கடத்தலைப் பற்றிப் பேசி வந்திருக்கின்றன. ஒப்பந்தங்கள் பல செய்துகொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றுள் முதன்மையானவை அனைத்தும் விருந்தாளியாக வந்து திரும்பிப் போகும் காருக்காகவே எழுதப்பட்டவை. குடியேற வரும் காரைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

பதிவெண்ணின் கதையிலிருந்து தொடங்குவோம். 1893 ஆகஸ்டில் பாரிஸ் நகரக் காவல்துறை பிறப்பித்த ஆணையில்தான் வண்டிக்கு எண் பலகை வேண்டும் என்ற எண்ணம் முதன்முதலாகச் சட்ட வடிவம் பெற்றது. பிரிட்டனில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டப்படி, 1904 ஜனவரி 1 முதல் எல்லாக் கார்களும் பதிவு செய்யப்பட வேண்டியதாயிற்று. விபத்து நேர்ந்தால் ஓடிப்போகும் வண்டியை அடையாளம் காண்பதே இதன் நோக்கம். குதிரை வண்டிக்காரனை ஊருக்குத் தெரியும். மோட்டார்க்காரனை எவருக்கும் தெரியாது. ஆனால் அந்த எண் அதை வழங்கிய நாட்டுக்குள் மட்டுமே பேசும். எல்லையைத் தாண்டினால் ஊமை.

அதைவிடப் பெரிய தலைவலி சுங்கம். அக்காலத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் தம் காரை ஓட்டிக்கொண்டு அண்டை நாட்டுக்கு உல்லாசப் பயணம் போனால், எல்லையில் இறக்குமதி வரி முழுவதையும் வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும். திரும்பி வரும்போது, அதே கார்தான் திரும்புகிறது என்று நிறுவினால் பணம் கிடைக்கும். மோட்டார்ச் சங்கங்கள் இதற்கொரு வழி கண்டன. உறுப்பினருக்காகச் சங்கமே சுங்கத்துறைக்குப் பிணை நின்றது. அதற்கான தாள் மூன்று பகுதிகளைக் கொண்டிருந்ததால் ட்ரிப்டிக் எனப் பெயர் பெற்றது. நாட்டுக்கு ஒரு தாள் என்ற நிலை மாறி, பல நாடுகளுக்கும் செல்லும் ஒரே கையேடாக அது வளர்ந்தது. அந்தக் கையேட்டின் பெயர் கார்னே. கார் ஒரு நாட்டில் நுழையும்போது ஒரு துண்டு கிழிக்கப்படும். வெளியேறும்போது இன்னொரு துண்டு. இரண்டாவது துண்டு கிழிபடாவிட்டால் பிணை நின்ற சங்கம் வரியைக் கட்டியாக வேண்டும்.

1909 அக்டோபர் 11 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை, காருக்கு ஒரு வகைக் கடவுச்சீட்டைத் தந்தது. ஓராண்டு செல்லுபடியாகும் பன்னாட்டுச் சான்றிதழ் அது. கூடவே 30 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும் கொண்ட நீள்வட்டப் பலகையில் நாட்டைக் குறிக்கும் எழுத்துகளைக் கறுப்பு மையில் எழுதி, வண்டியின் பின்புறம் மாட்ட வேண்டும் என்றும் விதித்தது. இன்று கார்களின் பின்னால் நாம் காணும் நீள்வட்ட ஒட்டுத்தாளின் மூதாதை இதுவே. அந்த எழுத்துகளில் அரசியல் வரலாறும் படிந்திருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் காருக்கு இருந்த 'பி.ஐ.', விடுதலைக்குப் பின் 'ஐ.என்.டி.' ஆயிற்று. இலங்கை 1972இல் சிலோன் என்ற பெயரைத் துறந்தது. ஆனால் அந்நாட்டுக் கார்களுக்கு உரிய எழுத்துகள் இன்றும் 'சி.எல்.'தான். தாம் பிறந்த நாட்டின் பழைய பெயரை ஒரு நீள்வட்டத்துக்குள் சுமந்து செல்லும் கார்கள் அவை. பிரிட்டன் நூறாண்டுகளுக்கும் மேலாக வைத்திருந்த 'ஜி.பி.'யை 2021 செப்டம்பரில் 'யு.கே.' என மாற்றிக்கொண்டது.

1926இல் மீண்டும் பாரிஸில் கூடி, வண்டிக்கு ஒரு சான்றிதழ், ஓட்டுநருக்கு ஓர் அனுமதி எனப் பிரித்தார்கள். 1949இல் ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை இன்னும் விரிவானது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அதன் முதற்பிரிவில் உள்ள ஒரு வாசகம் நம் கவனத்துக்குரியது. ஒரு நாட்டில் தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்ட காருக்கோ ஓட்டுநருக்கோ இந்தச் சலுகைகளை அளிக்க அந்நாடு கடமைப்பட்டதன்று என்பது அதன் சாரம். 1954இல் நியூயார்க்கில் கையெழுத்தான, தனியார் வண்டிகளின் தற்காலிக இறக்குமதி பற்றிய சுங்க உடன்படிக்கையும் தன் தாள்களுக்கு ஓராண்டையே உச்ச வரம்பாக வைத்தது. அதில் மற்றொரு நுணுக்கம் உண்டு. வந்த இடத்தில் கார் விபத்துக்குள்ளாகிச் சிதைந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆனால் வரியைக் கட்ட வேண்டும். அல்லது அரசாங்கத்திடம் விலையின்றி ஒப்படைக்க வேண்டும். அல்லது அதிகாரிகளின் மேற்பார்வையில் அழித்துவிட வேண்டும். அந்நிய மண்ணில் இறந்த விருந்தாளிக்கு மரணச் சான்றிதழ் கேட்பதைப் போன்ற ஏற்பாடு.

விருந்தாளிக்கு இந்த ஏற்பாடுகள் பேருதவியாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, இந்தியாவையும் பர்மாவையும் கடந்து 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். அவர்கள் அந்த வண்டிகளோடு சிங்கப்பூரிலேயே தங்கிவிட எண்ணியிருந்தால் அது வேறு கதை.

கப்பலில் கார் ஏறிய வரலாறும் விருந்தாளியின் வரலாறாகவே தொடங்கியது. 1920களில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க விரும்பிய கார்களைச் சதர்ன் ரயில்வேயின் கப்பல்கள் பளுதூக்கியால் தூக்கி ஏற்றின. பெட்ரோல் தொட்டியைக் காலி செய்தாக வேண்டும். கட்டணமும் கடுமை. இதில் எரிச்சலுற்ற கேப்டன் ஸ்டூவர்ட் டௌன்சென்ட் என்பவர் 1928இல் 'ஆர்ட்டிஃபைசர்' என்ற நிலக்கரிக் கப்பலை வாடகைக்கு எடுத்து, டோவருக்கும் கலேவுக்கும் இடையே கார்களை மலிவாகக் கொண்டுசெல்லத் தொடங்கினார். அதில் 15 கார்களுக்கும் 12 பயணிகளுக்கும்தான் இடம். 1930இல் பழைய கண்ணிவாரிக் கப்பலொன்றை வாங்கிப் பின்புறம் கதவு வைத்தார். துறைமுகங்களில் அதற்கேற்ற வசதி இல்லாததால் அந்தக் கதவு சும்மா கிடந்தது. கார்கள் தொடர்ந்து அந்தரத்தில் தொங்கியே ஏறின. 1936இல் கலேயில் வேலைநிறுத்தம் வந்து பளுதூக்கிகள் நின்றபோதுதான், பின்கதவு வழியே கார்கள் தாமாக ஓடி இறங்கின. டோவரில் காரை நேரே ஓட்டி ஏற்றும் சாய்தளங்கள் 1953இல் திறக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1948 ஜூலையில், சில்வர் சிட்டி நிறுவனம் கார்களை விமானத்தில் ஏற்றிக் கால்வாயைக் கடத்தியது.

குடியேறிகளுக்கு உண்மையான வசதி கப்பல் பெட்டகங்களோடு வந்தது. 1956இல் மால்கம் மெக்லீன் தொடங்கிவைத்த பெட்டகப் போக்குவரத்து பரவிய பின், 20 அடிப் பெட்டகத்தில் ஒரு காரை வைத்துக் கட்டி உலகின் எந்த மூலைக்கும் அனுப்ப முடிந்தது. தொட்டியில் சொற்ப எரிபொருள், மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி வைத்தல், சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டு. ஆஸ்திரேலியாவுக்குப் போகிற காரென்றால் அடிப்பாகத்தில் ஒட்டிய மண்ணையும் கழுவித் துடைத்தாக வேண்டும். நோய்த்தடுப்பு அதிகாரிகளின் கண்ணில் ஒரு பிடி மண் பட்டாலும் கழுவும் கூலி உடைமையாளரின் தலையில் விழும். சொந்த ஊர் மண் ஒட்டாமல் வரவேண்டும் என்பது குடியேறும் காருக்கு முதல் நிபந்தனை.

வழி எளிதாக எளிதாக வாசல் இறுகியது. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1966ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1968 ஜனவரி 1 முதல் உற்பத்தியாகும் கார்கள் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டாக வேண்டும். புகை விதிகள் தனி. ஜெர்மனியில் வாங்கிய காரை அமெரிக்காவுக்குக் கொண்டுவருபவர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து, குறித்த கெடுவுக்குள் அதை மாற்றியமைக்க வேண்டும். முகப்பு விளக்கு, மோதுதாங்கி, இருக்கைப் பட்டை, கதவுக்குள் இரும்புச் சட்டம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், மைல் காட்டும் வேகமானி எனப் பட்டியல் நீளும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஒரு காரை மட்டும் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை புகை விதிகளின் பிடியிலிருந்து விலக்கிக் கொண்டுவரலாம் என்ற சலுகையும் அப்போது இருந்தது. குடிபெயர்கிறவரை நினைத்து வைத்த சிறு சாளரம் என்று அதைச் சொல்லலாம்.

அந்தச் சாளரத்தின் வழியே வணிகம் நுழைந்தது. 1985 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு மூன்று மார்க்குக்கு மேல் கிடைத்தது. ஜெர்மனியில் காரை வாங்கி, கப்பல் கூலியும் மாற்றும் செலவும் போக, அமெரிக்க முகவரிடம் வாங்குவதைவிட மலிவாக முடிந்தது. அவ்வாண்டு இப்படி வந்த கார்கள் 60,000-க்கும் மேல். மாற்றும் வேலையைச் சிலர் ஒழுங்காகச் செய்தார்கள். சிலர் தாளில் மட்டும் செய்தார்கள். முகவர்களும் உற்பத்தியாளரின் அமெரிக்கக் கிளைகளும் முறையிட, 1988இல் புதிய சட்டம் வந்தது. விதிகளுக்கு ஏற்ப முதலிலேயே செய்யப்படாத காரை, பதிவுபெற்ற இறக்குமதியாளர் மூலமாகத்தான் கொண்டுவர முடியும் என்றானது. 25 ஆண்டு நிறைந்த காருக்கு மட்டும் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு. அதே சமயம், அங்கே வசிக்காத ஒரு சுற்றுலாப் பயணி தம் காரை ஓராண்டு வரை ஓட்டித் திரியலாம். விற்காமல் திரும்பக் கொண்டுபோனால் போதும். ஒரே கார், ஒரே சாலை. விருந்தாளி ஓட்டினால் ஆபத்தில்லை, குடியேறி ஓட்டினால் ஆபத்து. சட்டம் அஞ்சியது காரின் விளக்குக்கு மட்டும்தானா என்ற ஐயம் எழுவது இயல்பு.

ஐரோப்பா இதில் சற்று வேறு வழியில் சென்றது. குடிபெயர்கிறவரின் கார் அவருடைய வீட்டுச் சாமான்களில் ஒன்று என்பதை 1983இல் ஐரோப்பியச் சமூகத்தின் விதிகள் ஏற்றுக்கொண்டன. வெளிநாட்டில் குறைந்தது 12 மாதம் வாழ்ந்தவர், குறைந்தது ஆறு மாதம் தாம் பயன்படுத்திய காரைச் சுங்கமின்றிக் கொண்டுவரலாம். வந்தபின் 12 மாதங்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. 2009இல் திருத்தித் தொகுக்கப்பட்ட விதிகளிலும் இதுவே நீடிக்கிறது. உண்மையான குடியேறியை வணிகரிடமிருந்து பிரித்தறியக் காலத்தையே சல்லடையாக்கிய எளிய, நியாயமான முறை இது.

ஆனால் சுங்கம் போனாலும் பதிவு வரி போகவில்லை. 1996இல் ஒரு ஜெர்மானியத் தம்பதி வேலை நிமித்தமாக ஆஸ்திரியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆளுக்கொரு கார் வைத்திருந்தார்கள். அவற்றை அங்கே பதிவு செய்யப் போனபோது, கார்களுக்கான நுகர்வு வரியும் அதன்மேல் 20 விழுக்காடு கூடுதல் வரியும் விதிக்கப்பட்டன. வழக்கு லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2004 ஏப்ரல் 29 அன்று வந்த தீர்ப்பு இருபுறமும் வெட்டியது. நாடுவிட்டு நாடு வேலைக்குப் போகிறவருக்கு வரிச்சுமை கூடாமலிருக்கும் என்று ஒப்பந்தம் உறுதி தரவில்லை. எனவே அடிப்படை வரி செல்லும். வெளியிலிருந்து வரும் பழைய கார்மீது விதித்த அந்தக் கூடுதல் 20 விழுக்காடு செல்லாது. அதாவது, வந்த வீட்டின் வழக்கத்துக்கு உட்பட வேண்டியது நியாயம். வந்தவர் என்பதற்காகவே தனியே தண்டிப்பது அநியாயம். இந்த விவகாரம் முழுவதற்கும் இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் கண்டதில்லை.

அந்த அளவுகோலை நம் நாட்டுக்கும் வைத்துப் பார்க்கலாம். 2001 ஏப்ரலில் இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, பழைய கார்களுக்கு நிபந்தனைகள் வந்தன. மூன்றாண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டர் காட்ட வேண்டும். முகப்பு விளக்கு, இடப்பக்கம் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்ப அமைந்திருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். இவற்றுள் ஸ்டியரிங்கும் விளக்கும் நம் சாலையின் வழக்கம். அவற்றைக் குறை சொல்ல இயலாது. எதிரே வருகிறவனின் கண்ணைக் குருடாக்கும் விளக்குக்கு எவருடைய பாசமும் நியாயமாகாது. அடிப்படைச் சுங்கமே காரின் மதிப்பைத் தாண்டிய காலமும் இருந்தது என்பது வேறு வகை. அது சொந்தக்காரரையும் வியாபாரியையும் ஒரே தராசில் நிறுத்திய கணக்கு. அமெரிக்காவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பும் தமிழர்களின் கார்கள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங் கொண்டவை. வரியைப் பற்றி யோசிக்கும் முன்பே அவற்றின் வழி அடைபட்டுவிடுகிறது. பிள்ளையை முதன்முதலாக மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த கார், விமானச் சீட்டு வாங்கிய வாரத்திலேயே யாருக்கோ கைமாறுகிறது.

ஜெர்மனியில் ஏற்றுமதியாகும் காருக்கென்று தனிப் பதிவுப் பலகை ஒன்று உண்டு. அதன் வலப்பக்கத்தில் சிவப்புப் பட்டை. அந்தப் பட்டையில் நாள், மாதம், ஆண்டு. அந்தத் தேதியோடு அந்நாட்டில் அந்தப் பதிவின் ஆயுள் முடிகிறது. அதற்குள் கார் எல்லையைக் கடந்திருக்க வேண்டும். அப்பால் புதிய எண் கிடைக்கும் வரை அதற்கு நாடில்லை. நூறாண்டு உடன்படிக்கைகளும் விருந்தாளிக்குக் கதவு திறந்துவிட்டன. அந்தச் சிவப்புப் பட்டைக்கும் புதிய எண்ணுக்கும் இடைப்பட்ட வெளியை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கே விட்டுவிட்டன. மனிதர்களின் குடிபெயர்வுக்கும் இதே கதைதான் என்று தோன்றினால், அது தற்செயல் ஒற்றுமை ஆகாது.