மலைநாட்டுச் செம்பும் கழிமுகத்து மட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

அட்டனிலிருந்து கொட்டகலைக்குச் செல்லும் புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்தினூடாகச் செல்கின்றது. அச்சுரங்கத்தின் மேலுள்ள முகடு வெறும் மலையன்று. இலங்கையின் இரு பெருநதிகளைப் பிரிக்கும் எல்லையுமாகும். அட்டன் பக்கத்து மழைநீர் களனி கங்கையைச் சேர்ந்து கொழும்புக்கு வடக்கே கடலையடைகின்றது. கொட்டகலைப் பக்கத்து நீரோ கொத்மலை ஓயாவழியே மகாவலியிற் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை நோக்கிச் செல்கின்றது. கழிமுகம் என்றதும் மலைநாட்டார் அதனைத் தமக்குத் தொடர்பற்ற நெய்தல் நிலச் செய்தியாகவே கருதுவர். அக்கருத்து பொருந்தாதென்பதை உலோகங்களின் வரலாறு உணர்த்துகின்றது.

ஆற்றுநீரிற் செம்பு, நாகம், ஈயம், கட்மியம், இரசம் ஆகிய உலோகங்கள் மிகச் சிறிய அளவிலேயே காணப்படும். அவை பெரும்பாலும் களித்துகள்களிலும் உக்கிய சேதனப் பொருளிலும் ஒட்டியே பயணஞ் செய்கின்றன. நன்னீர் உவர்நீரைச் சந்திக்குமிடத்தில் ஓட்டம் தளர்கின்றது. உப்பின் தாக்கத்தால் நுண்துகள்கள் ஒன்றுதிரண்டு அடியிற் படிகின்றன. இவ்வாறு பல்லாண்டுக் கால உலோகம் கழிமுகச் சேற்றில் அடுக்கடுக்காகச் சேர்கின்றது. அச்சேற்றில் வாழும் மட்டியும் சிப்பியும் உணவுக்காக இடையறாது நீரை வடிகட்டுவன. துகளோடு உட்செல்லும் உலோகத்தை அவற்றின் உடற்புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. ஆதலின் நீரில் அரிதாகவுள்ள உலோகமும் அவற்றின் தசையிற் பன்மடங்காகத் திரள்கின்றது.

இவ்வுண்மையை உலகம் இலகுவில் அறிந்துகொள்ளவில்லை. இங்கிலாந்தின் கோண்வோல் பகுதியிற் செப்புச் சுரங்கங்களின் கழிவு ஃபால் கழிமுகத்தை அடைந்தது. அங்கு வளர்ந்த சிப்பிகள் பச்சை நிறமடைந்தமை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்டது. தாய்வானிலும் 1986இல் இதுவே நிகழ்ந்தது. எர்ரென் ஆற்றங்கரையிற் பழைய உலோகப் பொருட்களை எரித்தும் அமிலத்திற் கழுவியும் செம்பைப் பிரித்தெடுத்தனர். அவ்வாற்றின் முகத்தருகே வளர்க்கப்பட்ட சிப்பிகள் பச்சையாயின.

செம்பு நிறத்தாற் தன்னைக் காட்டிக்கொடுத்தது. இரசமோ அவ்வாறு காட்டிக்கொடுக்கவில்லை. யப்பானின் மினமாட்டாவில் இரசாயனத் தொழிற்சாலையொன்று 1932 முதல் இரசக் கழிவைக் குடாவில் விட்டது. அங்கு மீனும் மட்டியும் உண்ட ஏழை மீனவர் நரம்பு நோயால் வீழ்ந்தனர். 1956இல் நோய் அறியப்பட்டது. 1959இல் குமமோட்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர் சேதன இரசமே காரணமென்றனர். ஆயினும் 1968 வரை கழிவு நிறுத்தப்படவில்லை. அறிந்ததற்கும் செயற்பட்டதற்கும் இடைப்பட்ட அவ்வொன்பது ஆண்டுகளே இவ்வரலாற்றின் பெருந்துயரமாகும். இத்தகைய அனுபவங்களின் பின்னரே, 1975இல் அமெரிக்கக் கடலியல் அறிஞர் எட்வேட் கோல்ட்பேர்க், கடல்மட்டிகளையே உலகக் கரையோரங்களின் காவலராகக் கொண்டு மாசினை அளவிடலாமென முன்மொழிந்தார்.

இனி நம் மலைக்கு வருவோம். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. இளங்கொழுந்தைத் தாக்கும் இப்பங்கசு, பனிமூட்டமும் மழையும் உள்ள காலத்தே விரைந்து பரவுவது. அதனைத் தடுக்கச் செப்புச் சேர்வைகள் தெளிக்கப்பட்டன. 1950களில் அது தோட்டங்களின் வழக்கமான வேலையாயிற்று. பின்னர் வேறு பங்கசுநாசினிகளும் வந்து சேர்ந்தன. தேயிலைத் தொழில் இம்மருந்தினாற் காப்பாற்றப்பட்டதென்பதை மறுத்தலாகாது. எனினும் இலையிலிருந்து கழுவப்படும் செம்பு மறைந்துபோவதில்லை. மேல்மண்ணிலுள்ள சேதனப் பொருள் அதனைப் பற்றிக்கொள்கின்றது. சரிவிலே மண் அரிக்கப்படும்போது செம்பும் உடன் செல்கின்றது.

இதனைக் கொண்டே கொட்டியாரத்து மட்டி நஞ்சாயிற்றென முடிவுகட்டுதல் தவறாகும். செம்பு உயிர்களுக்குச் சிறிதளவு வேண்டப்படுவது. மனிதருக்கு இரசத்தைப் போன்ற கொடிய நஞ்சுமன்று. மேலும், 1985இல் கொத்மலை, விக்டோரியா அணைகளும், 1986இல் ரந்தெனிகல அணையும், 2012இல் தலவாக்கலையில் மேல்கொத்மலை அணையும் செயற்படத் தொடங்கின. முன்னர் கடல்வரை சென்ற வண்டலின் பெரும்பங்கு இன்று நீர்த்தேக்கங்களின் அடியிலே தங்குகின்றது. கழிமுகம் செய்த வேலையை நீர்த்தேக்கம் ஏற்றுள்ளது எனலாம். ஆகவே கேள்வி நீங்கிவிடவில்லை. கடற்கரையிலிருந்து நம் வாசலுக்கு இடம்பெயர்ந்துள்ளது. தேக்கத்து மீனை உண்போர் நம்மவரே.

முதுகிற் கருவியைச் சுமந்து மழைக்காலத்தில் மருந்தடிக்கும் தொழிலாளியும், வற்றிய கழியில் மட்டி பொறுக்கும் பெண்ணும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இலாபத்தைப் பகிர்கையில் இருவரும் நினைக்கப்படுவதுமில்லை. ஆயினும் ஒரே நீரின் இரு முனைகளில் அவர்கள் நிற்கின்றனர். மினமாட்டாவின் மக்கள் நோயுற்ற பின்னரே அங்கு நீரும் சேறும் ஆராயப்பட்டன. அம்முறை இங்கும் நிகழ வேண்டியதில்லை. தேக்கங்களின் அடையலையும் கழிமுகங்களின் மட்டியையும் ஒழுங்காக ஆராய்ந்து, பெறும் முடிவுகளை அம்மக்கள் அறியும் மொழியில் வெளியிடுதல் நம் பல்கலைக்கழகங்களின் கடமையாகும். மலையில் இடுவதை மறந்தாலும், சேறு அதனை மறப்பதில்லை.