சிங்கப்பூரின் நான்கு வாசல்கள்

ஓர் ஊரின் குணத்தை அறிய அதன் அரண்மனையையும் கடைவீதியையும் பார்த்தால் போதும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. விருந்தாளி வாசற்படியில் கால் வைத்தது முதல், அவன் தலை சாய்க்க ஒரு பாய் விரிக்கப்படும் வரையில் வீட்டார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் குடும்பத்தின் ஜாதகமே விளங்கிவிடும். சிலரைத் திண்ணையிலேயே உட்கார வைப்பார்கள். சிலரைக் கூடத்துக்கு அழைத்து ஊஞ்சலில் உட்கார்த்தி மோர் கொடுப்பார்கள். ஒரே வீடுதான், ஒரே நாள்தான், உபசாரம் மட்டும் இரண்டு விதம்.

தேசங்களும் இப்படித்தான். தமிழர்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு வெளிநாட்டு வாசலை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூருக்கு இப்போது சென்னையிலிருந்து நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஆகாயப் பிரயாணம். ஆனால் அந்தச் சின்னத் தீவு கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நான்கு வாசல்களைத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் வந்தவனை நோக்கிக் கேட்ட கேள்வி வேறு.

முதல் வாசல் கரையிலேயே இல்லை. துறைமுகத்துக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் செயிண்ட் ஜான்ஸ் என்றொரு தீவு இருக்கிறது. 1873இல் சிங்கப்பூரில் காலரா பரவிற்று. அடுத்த வருஷமே அந்தத் தீவில் ஒரு தொற்றுத் தடுப்பு முகாம் ஏற்பட்டது. சீனாவிலிருந்து வந்த கூலிகள், மெக்கா சென்று திரும்பிய ஹஜ் யாத்திரிகர்கள், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம்மவர்கள் எல்லாரும் அந்த முகாமை அறிந்தவர்கள். அங்கே கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "உன் உடம்பில் நோய் இருக்கிறதா?"

இதில் கவனிக்கத் தக்க விஷயம் ஒன்று உண்டு. கப்பலில் முதல் வகுப்பும் இருந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் கூட்டமும் இருந்தது. தீவின் கொட்டடிகளில் நாள் கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் பெரும்பாலும் தளப் பிரயாணிகளே. காலராக் கிருமிக்கு வகுப்பு பேதம் தெரியாது. டாக்டர்களுக்கு அது தெரிந்திருந்தும், வாசற்காவல் மட்டும் டிக்கெட்டைப் பார்த்தே நடந்தது.

1926 முதல் 1973 வரை இந்தக் கடலில் ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேட்டால் மலேயா சென்ற குடும்பங்களில் பெரியவர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள். நாள் கணக்கில் கடல், பிறகு பினாங்கு, அப்புறம் சிங்கப்பூர். அதில் சென்றவர்களுக்கு ஓட்டல் என்ற பேச்சே இல்லை. ரப்பர் தோட்டத்து லயமோ, உறவினர் கடையின் பின்கட்டோதான் அவர்களுடைய விடுதி. ஒப்பந்தக் கூலி முறை மலேயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை 1938இல் இந்திய அரசாங்கம் தடுத்தது. 'ரஜூலா'வுக்குப் பின் 'சிதம்பரம்' என்ற கப்பல் ஓடிற்று. 1985இல் அது தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கடல்வழியின் கதையும் முடிந்தது.

செயிண்ட் ஜான்ஸ் தீவில் கூட்டம் நிரம்பி வழிந்த அதே முப்பதுகளில்தான் இரண்டாவது வாசல் திறந்தது. கல்லாங் ஆற்றுமுகத்துச் சதுப்பு நிலத்தைத் தூர்த்து ஒரு விமான நிலையம் கட்டினார்கள். 1937 ஜூன் 12ஆம் தேதி கவர்னர் ஷென்டன் தாமஸ் அதைத் திறந்து வைத்தார். நிலத்தில் இறங்கும் விமானத்துக்கு வட்டமான புல்வெளி. நீரில் இறங்கும் விமானத்துக்குப் பக்கத்திலேயே கடல். உலகைச் சுற்ற விமானமேறிய வீராங்கனை அமீலியா ஏர்ஹார்ட் அந்த மாதமே அங்கே இறங்கிச் சென்றார். சில நாட்களுக்குள் பசிபிக் சமுத்திரத்தின் மீது அவர் விமானத்தோடு காணாமற் போனது உலகறிந்த சோகம்.

லண்டனிலிருந்து சிங்கப்பூர் வர அப்போது ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இரவில் விமானம் பறக்காது. ஒவ்வொரு மாலையும் ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, ஓட்டலில் தங்கி, விடிந்ததும் கிளம்ப வேண்டும். ஓட்டல், சாப்பாடு, மோட்டார் எல்லாம் டிக்கெட் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். 'எந்த வண்டியில் ஏறுவது, எவ்வளவு கொடுப்பது' என்ற கவலையே பிரயாணிக்கு இல்லை. கம்பெனியாரே அவரை அழைத்துச் சென்று கட்டில் வரையில் கொண்டு விட்டார்கள். ஆர்மீனியச் சகோதரர்கள் 1887இல் தொடங்கிய ராஃபிள்ஸ் ஓட்டல் கல்லாங்கிலிருந்து கொஞ்ச தூரம்தான். இந்த வாசல் வந்தவரிடம் கேள்வியே கேட்கவில்லை. "தங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் விசாரித்தது. தோட்டத் தொழிலாளி பல வருஷக் கூலியைச் சேர்த்தாலும் வாங்க முடியாத டிக்கெட் அது என்பதால், கேள்வி கேட்க வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

யுத்தம் வந்தது, ஜப்பானியர் வந்தார்கள், போனார்கள். விமானங்கள் பெருத்தன, கல்லாங் சிறுத்தது. 1954 மார்ச்சில் அங்கே தரையிறங்கிய பெரிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகி 33 பேர் மாண்டார்கள். அதற்கு முன்பே கட்டத் தொடங்கியிருந்த பாயா லேபார் நிலையம் 1955 ஆகஸ்டு 20இல் திறக்கப்பட்டது. இது மூன்றாவது வாசல்.

இதற்குள் உலகம் மாறிவிட்டது. 1953இல் வந்த குடிநுழைவுச் சட்டத்துக்குப் பின், 'பிரிட்டிஷ் பிரஜை' என்ற பெயரைச் சொல்லி இந்தியர் தாராளமாக உள்ளே நுழைந்த காலம் மலையேறிற்று. பாயா லேபார் கேட்டது, "காகிதம் எங்கே?" என்பதுதான். பிறகு தலைமயிரையும் பார்த்தது! எழுபதுகளில் நீண்ட முடி வளர்த்த ஆண்கள் அந்த நாட்டு அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளானார்கள். 1972இல் 'லெட் செப்பலின்' என்ற பிரசித்தமான ஆங்கிலப் பாட்டுக் குழு முடி காரணமாகவே கச்சேரி செய்யாமல் திரும்ப நேர்ந்தது. முன்பு கிருமிக்குப் பயந்த வாசல் இப்போது கிராப்புக்குப் பயந்தது. எல்லா வாசற்காவலிலும் ஏதோ ஒரு பயம் ஒளிந்திருக்கிறது.

நான்காவது வாசல் சாங்கி. ஜப்பானியர் காலத்தில் போர்க் கைதிகளை வதைத்த ஊர் என்று உலகத்துக்கு அறிமுகமான பெயர் அது. அங்கே முதல் விமான ஓடுபாதையை அமைத்ததும் அந்தக் கைதிகளின் உழைப்புத்தான். ஊரின் நடுவே இருந்த பாயா லேபாரை விரிப்பதா, கடலோரத்தில் புதிதாகக் கட்டுவதா என்ற வாதம் எழுந்தபோது, 1975இல் பிரதமர் லீ குவான் யூ சாங்கியைத் தேர்ந்தார். கடல் மேல் வந்து இறங்கும் விமானத்தின் இரைச்சல் வீடுகளின் மேல் விழாது என்பது ஒரு முக்கியக் காரணம். 1981 ஜூலை 1இல் அங்கே விமானங்கள் வரத் தொடங்கின. பாயா லேபார் விமானப் படைத் தளமாயிற்று.

அதே லீ குவான் யூ தம் நினைவு நூலில் ஒரு ரகசியத்தை உடைத்துச் சொல்கிறார். முதல் போட வரும் பெரிய கம்பெனித் தலைவர்களை நம்ப வைக்க, விமான நிலையத்திலிருந்து அவர்களுடைய ஓட்டலுக்கும் தம் அலுவலகத்துக்கும் செல்லும் சாலைகளை மரமும் செடியுமாகச் சுத்தமாக வைத்திருப்பதே நல்ல வழி என்று அவர் கருதினாராம். சாங்கியிலிருந்து கடற்கரையோரமாக ஊருக்குள் செல்லும் நெடுஞ்சாலையில் தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடித்து நிற்பது தற்செயல் அன்று. மோட்டாரில் போகிறவர் அதை நிழல் என்று நினைக்கிறார். உண்மையில் அவருக்காக எழுதப்பட்ட கடிதம் அது.

இன்று அங்கே செல்லும் நேயர்களுக்கு வழி வெகு சுலபம். விசாவை வாங்கிக்கொண்டு, வருகை அட்டையை அங்கே போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் அரசாங்கத்தின் இணையதளத்திலேயே இலவசமாக நிரப்பிவிடலாம். அதற்குக் கட்டணம் கேட்பவன் மோசக்காரன். 2002 முதல் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிற்கிறது. எக்ஸ்போ நிலையத்தில் வண்டி மாறி ஜாலான் புசாரில் இறங்கினால், சிராங்கூன் சாலையின் மல்லிகைப்பூக் கடைகள் நடக்கும் தூரத்தில்தான். மூட்டை அதிகமானால் வரிசையில் நின்று டாக்ஸியில் ஏறலாம். பேரம் வேண்டியதில்லை, மீட்டர் பேசும். வயதான தாயார் தனியாகச் சென்றாலும் வழி தவறிவிடுவாரோ என்று இங்கே நாம் தவிக்க வேண்டியதில்லை. இந்தச் சௌகரியத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பு ராஃபிள்ஸ் ஓட்டல் துரைக்குக் கிடைத்த மரியாதையில் பெரும்பகுதி இன்று நடுத்தரக் குடும்பத்துக்கும் கிடைக்கிறது. சரித்திரத்தில் இது சின்ன விஷயம் அன்று.

ஆனாலும் அதே விமானத்தில் இன்னொருவன் வருகிறான். திருவாரூர்ப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ அவன் ஊர். கட்டட வேலைக்கான அனுமதிக் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் மனத்தில் இருக்கிறது. அவன் போவது ஓட்டலுக்கு அன்று. ஊரின் ஓரத்தில் உள்ள தொழிலாளர் விடுதிக்கு. ஒரே அறையில் பலர் படுக்கும் அடுக்குக் கட்டில்கள் அங்கே. 2020இல் கொரோனா நோய் பரவியபோது சிங்கப்பூரில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டவை அந்த விடுதிகளே. மாதக்கணக்கில் அவர்கள் வாசல் தாண்ட முடியாமல் அடைந்து கிடந்தார்கள். செயிண்ட் ஜான்ஸ் தீவு எங்கும் போய்விடவில்லை. கரைக்கு வந்துவிட்டது என்று தோன்றிற்று.

அதற்குப் பிறகு விடுதிகளின் விதிகளைத் திருத்தினார்கள். புது விடுதிகளில் அறைக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாதென்று வரையறுத்தார்கள். நல்ல காரியம். நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை சாங்கியில் இறங்கும்போது வரிசையில் முன்னால் நிற்கும் அந்தப் பையன் எந்த வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தமிழ்முகம் தேடித் திரும்பிப் பார்ப்பான். அவன் தாத்தாவும் நம் தாத்தாவும் ஒரே கப்பல் தளத்தில் பாய் விரித்தவர்களாயிருக்கலாம். அவனுக்கு வழியைச் சொல்லிவிட்டு நம் டாக்ஸியைப் பிடித்தால், ஓட்டலுக்குப் பத்து நிமிஷம் தாமதமாகும்; அவ்வளவுதான்.